காரின் முதுகில் கண்! ரேடியோவில் கேமரா மாட்டுபவர்களே, உஷார்!
நூல் ஒயரில் நெருப்பு. வலது இடமாகத் தெரியும் விபரீதம்

ஒரகடம்,

கார் பிறக்கும் ஊர் இது. ஆனால் இந்த ஊர் ரோட்டில் ஓடும் கார்கள் பலவற்றுக்கே முதுகில் கண் கிடையாது!

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 1998-ம் ஆண்டு 'சான்ட்ரோ' வெளியே வந்தது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. 2012-ல் பாரத் பென்ஸ் லாரிகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்த கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பல் ஏறி எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

அப்படிப்பட்ட இடத்தில் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற தொழிலாளி வாங்குவது எந்த கார்? பெரும்பாலும் தவணைக்கு அடங்குகிற 'பேஸ் மாடல்'. 'டாப் எண்டு' என்றால் பின்னால் கேமரா, முன்னால் அகலமான திரை எல்லாம் வரும். பேஸ் மாடலில் ரேடியோ இருக்கும். சிலவற்றில் திரைகூட இருக்கும். கேமரா மட்டும் இருக்காது.

விளைவு? கார் வாங்கிய மறுமாதமே உதிரி அலங்காரக் கடைக்கு நடை. சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் பார்த்தால் போச்சு. இல்லாவிட்டால் பட்டணத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கவே இருக்கிறது. "கம்பெனி ரேடியோவை கழட்டவே வேணாம்ணே, அதுலேயே படம் வர வச்சிடலாம்" என்பதுதான் கடைகளில் கேட்கிற முதல் வாக்குறுதி.

வர வைக்கலாம். பொய் இல்லை. ஆனால் எப்படி வர வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வளசரவாக்கத்தில் நடந்தது

இது ஏதோ பந்தாவுக்கு மாட்டுகிற சாமான் என்று நினைப்பவர்கள் 2022-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை வளசரவாக்கம் பகுதியில் ஒரு தனியார் பள்ளி. 2-ம் வகுப்பு படிக்கும் 7 வயது சிறுவன் வேனில் இருந்து இறங்கினான். மறந்து வைத்ததை எடுக்க மறுபடி வேன் பக்கம் வந்தான். வேன் பின்னால் வந்தது. பள்ளி வளாகத்துக்குள்ளேயே அந்தப் பிஞ்சின் உயிர் போனது. தமிழ்நாடே பதறியது.

அதே ஆண்டில் தமிழக அரசு பள்ளி வாகன விதிகளைத் திருத்தியது. பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமரா, கூடவே சென்சார் கட்டாயம் என்று ஆக்கியது. நல்ல காரியம். பள்ளி வேனுக்கு சட்டம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, வாசலில் நிற்கும் அப்பாவின் காருக்கு?

காருக்கு 2019 ஜூலை 1-ந் தேதியில் இருந்து பின்புற சென்சார் கட்டாயம். டிரைவர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை மணி, வேக எச்சரிக்கை மணி ஆகியவற்றோடு சேர்ந்து வந்த உத்தரவு அது. அந்தப் பட்டியலில் கேமரா இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் 2 வயதுக் குழந்தை ஒன்று வீட்டு வாசலிலேயே காரின் அடியில் சிக்கி இறந்தது. காரைப் பின்னால் எடுத்தவர் பெற்ற தகப்பன்! கேமரன் குல்பிரான்சென் என்ற அந்தக் குழந்தையின் பெயரையே வைத்து அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள். பல வருட இழுபறிக்குப் பிறகு, 2018 மே மாதம் முதல் அங்கே விற்கும் எல்லா புதிய கார்களிலும் பின்புற கேமரா கட்டாயம் ஆனது.

சென்சார் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். சென்சார் என்பது ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்கிற காது. சுவர், அடுத்த காரின் பம்பர் என்றால் நன்றாகக் கேட்கும். ஒல்லிக் கம்பியும், பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பதும் அதை ஏமாற்றிவிடும். துணி ஒலியைக் குடித்துவிடும். குனிந்து பந்து பொறுக்கும் குழந்தையை நம்பி ஒப்படைக்க அந்தக் காது போதாது. சிலர் மாட்டியிருக்கும் சினிமாப்பாட்டு ரிவர்ஸ் ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைக் கேட்டால் குழந்தை விலகாது, வேடிக்கை பார்க்கத்தான் ஓடி வரும்!

மூன்றே ஒயர், முன்னூறு தகராறு

வேலை என்னவோ எளிதுதான். கேமராவுக்கு கரண்ட் வேண்டும். படம் முன்னால் ரேடியோவுக்கு வர வேண்டும். 'ரிவர்ஸ் விழுந்துவிட்டது, பாட்டை விட்டு படத்தைக் காட்டு' என்று ரேடியோவுக்கு யாராவது சேதி சொல்ல வேண்டும். மூன்று ஒயர், மூன்று வேலை.

ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதல்லவா? அந்த பல்புக்கு வரும் 12 வோல்ட்டில்தான் கேமராவுக்கு கரண்ட் எடுக்கிறார்கள். அதில் இருந்தே மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று படம் வரும் கேபிளோடு சேர்ந்து முன்னால் ஓடி, ரேடியோவின் பின்பக்கம் சேருகிறது. அதுதான் சேதி ஒயர். விளக்கு எரிந்தால் படம். விளக்கு அணைந்தால் பாட்டு.

கடையில் வாங்கி மாட்டுகிற ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் இத்தோடு கதை முடிந்தது. கம்பெனி ரேடியோ அவ்வளவு லேசில் மசியாது.

முதலில், ரேடியோவின் பின்னால் கேமராவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேஸ் மாடலுக்கும் டாப் எண்டுக்கும் ஒரே ரேடியோவைப் போட்டு, பேஸில் கேமரா துளையை மட்டும் சும்மா விட்டிருப்பது உண்டு. அப்படியானால் அதிர்ஷ்டம். அந்தந்த ரேடியோவுக்கு ஏற்ற கப்ளர் வாங்கிச் செருகினால் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். ஆனாலும் படம் வராது! ரேடியோவின் மூளைக்குள் 'இந்த காரில் கேமரா உண்டு' என்று கம்ப்யூட்டரை மாட்டி எழுதி வைத்தால்தான் சில ரேடியோ திரும்பியே பார்க்கும்.

இரண்டாவது, வோல்ட் தகராறு. சில கம்பெனி ரேடியோக்கள் கேமராவுக்குக் கொடுப்பது 6 வோல்ட்தான். டொயோட்டா கார்கள் சிலவற்றில் இப்படி. கடையில் தொங்கும் கேமராவுக்கோ 12 வோல்ட் தீனி வேண்டும். பாதிப் பசியில் அது கண்ணைத் திறக்காது. மாறாக, 6 வோல்ட் ஒரிஜினல் கேமராவைப் பழைய சாமான் கடையில் பிடித்து வந்து ரிவர்ஸ் விளக்கில் நேராகக் கொடுத்தால், அன்றோடு அது காலி. 12-ஐ 6 ஆக்குகிற சின்ன டப்பா ஒன்று நடுவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாஷை தகராறு. பழைய வகை கேமரா ஒரு மாதிரி படம் அனுப்பும். 'ஏ.எச்.டி.' என்று விற்கும் புது வகை வேறு மாதிரி அனுப்பும். ரேடியோவுக்குப் புரியாத பாஷையில் அனுப்பினால் திரையில் கறுப்பு, அல்லது உருளும் கோடு. இதைத் தெரிந்துகொள்ளாமல் "கேமரா டூப்ளிகேட்டு சார்" என்று இரண்டாவது கேமராவை விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் தலையெழுத்து!

இப்போது வரும் கார்களில் இன்னொரு சங்கதி. விளக்குகளுக்கு கரண்ட் கொடுப்பதே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அது கரண்டை விட்டு விட்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அனுப்பும். பல்புக்குக் கவலை இல்லை. கேமராவுக்கு படம் துடிக்கும். அதற்கு ஒரு ரிலே அல்லது பில்டர் போட வேண்டும். அது இல்லாமல் கிளம்பியவர்தான் "ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல" என்று புலம்புகிறவர்.

நூல் ஒயர் பழுக்கும் கதை

படம் வராவிட்டால் பணம்தான் நஷ்டம். இனி சொல்லப்போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

ரிவர்ஸ் பல்பு சாதாரணமாக 21 வாட். கணக்குப் போட்டால் 1¾ ஆம்பியர். கேமரா குடிப்பது அதில் ஒரு சொட்டு. ஆகவே பாரம் தாங்காமல் ஒயர் எரியும் என்ற பயம் இல்லை. பயம் வேறு. அந்த நூல் போன்ற ஒயர் எங்காவது உரசி, தோல் தேய்ந்து, கார் பாடியைத் தொட்டால்? கம்பெனிக்காரன் போட்ட பியூஸ், கம்பெனி ஒயரின் கனத்துக்குப் போட்டது. அது 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அது போவதற்குள் நூல் ஒயர் அடுப்புக் கம்பியாகப் பழுத்துவிடும். பக்கத்தில் இருப்பது பஞ்சும் பிளாஸ்டிக்கும்!

இதற்கு மருந்து ஒரு ஆம்பியர் பியூஸ். கரண்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். டீ, பன் செலவுதான் ஆகும். அதைப் போடாமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாவம்.

அடுத்தது, ஒட்டு. ஒயரை உரிச்சு, முறுக்கி, மேலே கறுப்பு டேப்பை ஒரு சுத்து சுத்தி விடுவது நம் ஊர் வழக்கம். கம்பெனி வாசலில் நாள் பூரா வெயிலில் நிற்கிற காருக்குள் அந்த டேப் பசை உருகி, இரண்டு கோடையில் கழன்றுவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டால் கார் உள்ளவரை நிற்கும்.

ஐப்பசி மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். கம்பெனி ஒயர்கள் அதற்குள்தான் போகும். கேமரா ஒயரையும் அதற்குள் நுழைப்பது பொறுமைக்கு சோதனை. அரை மணி நேரம் பிடிக்கும். அவசரக்காரர் ஒயரை ஓரமாக விட்டு டிக்கியை அழுத்திச் சாத்திவிடுவார். தினம் நசுங்கும் ஒயர் ஒரு நாள் அறுந்து போகும். அதுவரை அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

முன்னால் ஒயர் இழுக்கும்போது கூரை ஓரமும், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணும் ஜாக்கிரதை. சில கார்களில் அங்கேதான் பக்கவாட்டு ஏர்பேக் மடங்கிக் கிடக்கிறது. மஞ்சள் கப்ளரைக் கண்டால் கை வைக்கவே கூடாது. கேமரா ஒயரை அந்தப் பையோடு சேர்த்துக் கட்டினால், விபத்து நேரத்தில் பை விரியாமல் போகலாம். குழந்தையைக் காப்பாற்ற மாட்டிய கேமரா, காருக்குள் இருப்பவரைக் கைவிட்ட கதையாகிவிடும்.

ஒயரை வெட்டினால் வாரண்டி தகராறும் உண்டு. பின்னால் மின்சாரக் கோளாறு என்று சர்வீசுக்குப் போனால், வெட்டிய ஒட்டைக் காட்டியே கை விரிக்க இடம் கொடுத்ததாகும். கப்ளர் வேலை என்றால் கழற்றிவிட்டுப் போகலாம்.

இடதா? வலதா?

எல்லாம் சரி, படமும் பளிச்சென்று வருகிறது. அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கலாம்.

பின் கேமரா படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிய வேண்டும். அப்போதுதான் காரின் வலப்பக்கம் இருப்பது திரையிலும் வலப்பக்கம் இருக்கும். ஆனால் ஒரே கேமராவையே முன்னாலும் பின்னாலும் மாட்டும்படி விற்கிறார்கள். அதன் வாலில் சின்ன வளையமாக ஒரு ஒயர் தொங்கும். அதை வெட்டினால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி. இதைக் கவனிக்காமல் மாட்டினால், வலப்பக்கம் நிற்கும் குழந்தை திரையில் இடப்பக்கம் தெரியும். டிரைவர் விலகுவதாக நினைத்து குழந்தை மேலேயே திருப்புவார்!

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளையும் அப்படியே நம்பக்கூடாது. விலை மலிவான கேமராவில் அது வெறும் கோலம். உங்கள் காரின் அகலமும் அதற்குத் தெரியாது, கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் தெரியாது. பம்பரில் இருந்து டேப்பால் அளந்து, 3 அடியில் ஒரு செங்கல், 6 அடியில் ஒரு செங்கல் வைத்து, எது எந்தக் கோட்டில் விழுகிறது என்று ஒரு முறை பார்த்து மனதில் வைத்துக்கொள்வதுதான் வழி.

இதையெல்லாம் கடை வாசலிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். என்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்து ரிவர்ஸ் கியர் போட்டதும் படம் உடனே வருகிறதா? கூட வந்தவரை வலது பின் சக்கரம் பக்கம் தள்ளி நின்று கையை அசைக்கச் சொல்லுங்கள், திரையில் எந்தப் பக்கம் தெரிகிறார்? பியூஸ் எங்கே போட்டிருக்கிறது என்று மூடுவதற்கு முன் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக டிக்கியை பத்து தடவை திறந்து மூடிவிட்டு மறுபடி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். படம் துள்ளினால், பர்சை வெளியே எடுக்க வேண்டாம்.