அரிசியைவிட மெல்லிய கதிரியக்க 'விதை'... திரும்பி வந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்து நிம்மதியாக இருக்கும் பெண்களில் சிலருக்கு, கட்டி மறுபடி தலைகாட்டுகிறது. பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள். 'அதே கதிர்வீச்சை இன்னொரு முறை கொடுக்கலாமே' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். சிக்கலே அங்கேதான்.

கர்ப்பப்பை வாய்க்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். முதல் சிகிச்சையிலேயே, தாங்கக்கூடிய கதிர்வீச்சில் பெரும்பகுதியை இவை வாங்கியிருக்கும். மறுபடி முழு அளவு கொடுத்தால் புண்ணாகி, ஓட்டை விழுந்து, சிறுநீரோ மலமோ பிறப்புறுப்பு வழியாகக் கசியும் நிலைகூட வரலாம். கட்டி நடுவில் மட்டும் இருந்தால் பெரிய அறுவை சிகிச்சை செய்து அகற்றலாம். இடுப்பு எலும்பை ஒட்டிய சுவர்வரை பரவிவிட்டால் அதுவும் கடினம்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சீன மருத்துவமனைகள் அயோடின்-125 விதைகளைப் பயன்படுத்துகின்றன. விதை என்றால் முளைக்கிற விதை இல்லை. சுமார் 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமனில் ஒரு டைட்டானியம் குப்பி. உள்ளே கதிரியக்க அயோடின்.

சி.டி. ஸ்கேன் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை விதை என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். பிறகு மரத்துப்போகச் செய்து, நீளமான ஊசி வழியாகக் கட்டிக்குள்ளேயே விதைகளை வைக்கிறார்கள். ஊசி வெளியே வந்துவிடும். விதைகள் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும்.

நம் ஊரில் 'உள் கதிர்வீச்சு' என்று கொடுப்பது வேறு. அதில் கதிரியக்கப் பொருள் சில நிமிடங்கள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்துவிடும். விதையோ மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். சுமார் 60 நாளுக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகும். கதிரும் வெகுதூரம் போகாது. அதனால் கட்டிக்கு அதிகமாகவும் பக்கத்து உறுப்புகளுக்குக் குறைவாகவும் கிடைக்கும்.

வீட்டில் என்ன செய்வது? தனித்தட்டு, தனி டம்ளர் எல்லாம் தேவையில்லை. விதை மூடிய குப்பி என்பதால் தொட்ட பொருளில் கதிரியக்கம் ஒட்டாது. முதல் சில மாதங்கள் குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்திருக்கக் கூடாது, கர்ப்பிணிகள் சற்றுத் தள்ளியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆனால், இது அதிசய மருந்து அல்ல. வலி குறைந்ததாகவும் கட்டி சுருங்கியதாகவும் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில் நடந்த சிறிய ஆய்வுகளே. விதை இடம் நகரலாம். ஓட்டை விழும் ஆபத்தும் முழுதாக நீங்காது. வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் அங்கே இதனால் பயனில்லை. அதற்குக் கீமோ, இம்யூனோதெரபி போன்ற மருந்துகள்தான்.

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய அயோடின்-125 விதைகள் சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் புற்றுநோய்க்குப் பயன்பட்டிருக்கின்றன. கர்ப்பப்பை வாய்க்கு இங்கே இது வழக்கமான சிகிச்சை இல்லை. எந்த வழியில் போவதாக இருந்தாலும், மருத்துவர் முதலில் கேட்பது பழைய கதிர்வீச்சு ஃபைலைத்தான்: எந்த இடத்துக்கு, எத்தனை கிரே, எந்தத் தேதியில். சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே அதற்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.