துப்பாக்கி உரிமம்: சட்டம் தில்லியில், கையெழுத்து மாவட்டத்தில்

புதுதில்லி: உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புறங்களில் தோளில் தொங்கும் துப்பாக்கி, தற்காப்புக் கருவி என்பதைவிடக் குடும்ப அந்தஸ்தின் அடையாளம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவது அந்த அந்தஸ்தின் பறைசாற்றல். வேடிக்கை பார்க்க வந்தவரின் உயிரை அக்குண்டு பறித்த செய்திகள் அங்கு புதிதல்ல.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டைத் தனிக் குற்றமாக்கியது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. மசோதா முதலில் ஒன்றை மட்டுமே அனுமதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் வரம்பு தளர்ந்தது. அதேவேளையில், உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளவை. உரிமக் கட்டணமும் மத்திய அரசின் விதிகளிலேயே நிர்ணயிக்கப்படுகிறது. ஆனால், சாதாரண வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியரோ, மாநகரக் காவல் ஆணையரோதான். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

உள்துறை அமைச்சகக் கணக்கின்படி, 2016 இறுதியில் நாட்டில் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்துக்கு 12.77 லட்சத்துடன் முதலிடம், ஜம்மு-காஷ்மீருக்கு 3.69 லட்சத்துடன் இரண்டாமிடம். 2011 மக்கள்தொகையுடன் ஒப்பிட்டால், உத்தரப் பிரதேசத்தில் சுமார் 156 பேருக்கு ஓர் உரிமம். ஜம்மு-காஷ்மீரில் 34 பேருக்கு ஒன்று.

தீவிரவாத அச்சுறுத்தல் மட்டுமே இதற்குக் காரணமல்ல என்ற சந்தேகம் 2017-இல் வலுத்தது. ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படையினர் பிடித்த கும்பல், ஜம்மு-காஷ்மீரிலிருந்து போலி ஆவணங்களின் பேரில் உரிமங்கள் பெற்றுத் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2018-இல் விசாரணை சிபிஐ வசம் சென்றது. தகுதியற்றோருக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் வழங்கப்பட்டன என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. மாவட்ட ஆட்சியர்களாகப் பணியாற்றிய இரு ஐஏஎஸ் அதிகாரிகள் 2020-இல் கைது செய்யப்பட்டனர்.

விண்ணப்பதாரரைப் பற்றிக் காவல் துறையின் அறிக்கை பெறுவது அவசியம் என்கிறது சட்டம். ஆனால், குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமலே அதிகாரி முடிவெடுக்கலாம் என்று அதே சட்டம் இடமும் தருகிறது. உரிமத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். வழங்குவதற்கோ அப்படிக் காரணம் எழுதும் கட்டாயத்தைச் சட்டம் விதிக்கவில்லை.

மறுப்பவர் விளக்கம் சொல்ல வேண்டும். வழங்குபவர் கையெழுத்திட்டால் போதும். துப்பாக்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்த நாடாளுமன்றம், 2019-இல் தொடாமல் விட்டது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.