ஏரியும் மூச்சு விடும்

வட இந்தியாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் நாடிச் செல்லும் மலை நகரங்களுள் நைனிதாலும் ஒன்று. அதன் அடிவாரமாகிய காத்கோதாம் வரை 1884-ஆம் ஆண்டிலேயே இருப்புப் பாதை எட்டிவிட்டது. அங்கிருந்து மலைச் சாலையில் ஏறினால், ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில் நைனி ஏரி காட்சி தருகிறது. நாம் படகேறி ஒரு சுற்றுச் சுற்றி, கரையிலுள்ள நைனா தேவி கோவிலில் வணங்கித் திரும்பிவிடுகிறோம். நம் படகின் அடியில் ஆண்டுதோறும் நிகழும் ஓர் இயக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நகரின் குடிநீரும் மீன்களின் உயிரும் அவ்வியக்கத்தையே சார்ந்திருக்கின்றன.

கோடையில் ஊர்க் குளத்தில் நீராடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்க, ஆழத்தில் கால் வைத்தால் சில்லென்றிருக்கும். வெப்பமுற்ற நீர் இலேசானது. குளிர்ந்த நீர் கனமானது. 4 டிகிரி அளவில் நீர் மிகுந்த கனமுடையதாகிறது. பங்குனி வெயிலில் நைனி ஏரியின் மேல்நீர் சூடேறத் தொடங்கி, கனத்த கீழ்நீரின் மீது தனி அடுக்காக மிதக்கிறது. வீசுகின்ற காற்று மேலடுக்கை மட்டுமே கலக்குகிறது. கார்த்திகை, மார்கழிக் குளிரில் மேல்நீரும் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குகிறது. அப்பொழுதுதான் மேலும் கீழும் ஒன்றாகக் கலக்கின்றன.

இக்கலப்பே ஏரியின் மூச்சு எனலாம். பிராணவாயு மேலிருந்தே நீருக்குக் கிடைக்கிறது. காற்றும், வெயில் படும் நீரில் வாழும் பாசியும் அதனை அளிக்கின்றன. கோடை முழுவதும் அடிநீர் இருப்பில் உள்ளதைக் கொண்டே காலந்தள்ள வேண்டும். பனிக்காலக் கலப்பில்தான் பிராணவாயு அடிவரை செல்கிறது. அடியில் தங்கிய உரச் சத்துக்கள் மேலே வந்து பாசிக்கும், அதன் வழியே மீனுக்கும் உணவாகின்றன. தூய ஏரிக்கு இது வாழ்வு.

நைனி ஏரியிலோ இவ்வாழ்வே கேடாக மாறிற்று. மலைச் சரிவிலுள்ள குடியிருப்புகளின் கழிவு ஓடைகள் வழியே ஏரியிற் சேர்ந்தது. உரம் மிகுந்து பாசி பெருகிற்று. மடிந்த பாசி அடியில் வீழ்ந்து அழுகியபோது, நுண்ணுயிர்கள் அங்கிருந்த பிராணவாயுவையெல்லாம் உண்டு தீர்த்தன. பிராணவாயு அற்றதும், சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரிற் கலந்து, மேலும் பாசிக்கு உரமாயிற்று. அழுகிய முட்டையின் நாற்றமுள்ள நச்சு வாயுவும் அடியில் உண்டாயிற்று. பனிக்காலத்தில் ஏரி கலந்தபோது அந்நீரே மேலே எழுந்தது. மீன்கள் மூச்சுத் திணறி மடிந்து கரை ஒதுங்கின.

இதற்குப் பரிகாரமாக 2007-ஆம் ஆண்டில் ஏரியின் அடிக்குக் காற்றைச் செலுத்தும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. கரையிலுள்ள காற்றழுத்த இயந்திரங்கள் குழாய்களின் வழியே காற்றை அனுப்புகின்றன. அடியில் எழும் குமிழிகள் கீழ்நீரை மேலே தள்ளிக்கொண்டு வருகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை குளிர் செய்த வேலையை இயந்திரம் இடைவிடாது செய்கிறது எனலாம். அதனால் அடிநீரிலும் பிராணவாயு பெருகிற்று. ஆயினும் இது நோயைத் தணிக்கும் மருந்தேயன்றி நோயின் மூலத்தைக் களைவதன்று. கழிவு வந்துகொண்டேயிருக்குமாயின் இயந்திரமும் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான்.

பெரிய அணைகளின் நீர்த்தேக்கங்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. கோடையில் ஆழத்து மதகைத் திறந்தால், குளிர்ந்த, பிராணவாயு குன்றிய நீர் ஆற்றிற் பாய்ந்து, கீழேயுள்ள மீன்களை வருத்தக்கூடும். எந்த ஆழத்திலிருந்து நீரை விடுவது என்பதும் உயிர்களைப் பற்றிய கேள்வியே.

விடுமுறைக்குச் செல்லும் நமக்கும் இதில் பங்குண்டு. கருணையோடு நம் குழந்தைகள் மீனுக்கு எறியும் ரொட்டியில், மீன் உண்ணாது விட்டது அடியில் வீழ்ந்து அழுகுகிறது. பூமாலையும் உணவுப் பொட்டலமும் அவ்வாறே. கோடையில் நாம் இட்டுச் சென்றது, நாம் ஊர் திரும்பிய பின், பனிக்காலத்தில் மேலே எழுகிறது. அந்நீரைக் குடிப்பவர்கள் அவ்வூர் மக்கள். அடுத்த முறை படகேறும்போது இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்; கையிலுள்ள ரொட்டியைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவருவோம்.