உங்க காரோட மூக்குல எத்தனை வயர்?



போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூர்ல எங்க வீட்டு வாசல்ல அப்பா காரோட பானட்டைத் திறந்து வெச்சுட்டு சும்மா பார்த்துட்டே நின்னார். 2009 மாடல் பெட்ரோல் வண்டி. 15 வருஷம் முடிஞ்சதால ஆர்.சி. புதுப்பிக்கணும். புகை டெஸ்ட்ல கார்பன் மோனாக்சைடு 2.1 சதவீதம் காட்டுச்சு. அந்தக் காலத்து வண்டிக்கு 0.5 தான் அளவு. மைலேஜும் 15ல இருந்து 10க்கு இறங்கிடுச்சு. பாட்டியை மாசாமாசம் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அது. வேற வண்டி வாங்குற நிலைமைல நாங்க இல்லை.

"ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும்"னு பக்கத்து மெக்கானிக் சொன்னார். ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பையன் வீட்ல இருக்கும்போது வேற ஆள் எதுக்கு? நானே கிளம்பிட்டேன். "எல்லா வண்டிக்கும் சேரும்"னு ஒரு கடைல சொன்ன சென்சாரை வாங்கி, பழைய கனெக்டரை வெட்டி, கருப்பு வயருக்குக் கருப்பு வயரைச் சேர்த்து டேப் சுத்தினேன். பத்தே நிமிஷத்துல புது சென்சார் செத்துப் போச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

இந்த மூக்கு என்ன பண்ணுது?

பெட்ரோல் முழுசா எரிய, 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காத்து வேணும். புகைக்குழாய்ல உட்கார்ந்திருக்கிற இந்த சென்சார், எரிஞ்ச பிறகு ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மோந்து பார்க்குது. உள்ளே இருக்கிற சிர்கோனியா பீங்கான் 300 டிகிரிக்கு மேல சூடானதும் ஒரு சின்ன மின்னழுத்தம் கொடுக்கும். பெட்ரோல் அதிகம்னா 0.9 வோல்ட் பக்கம், காத்து அதிகம்னா 0.1 வோல்ட் பக்கம். இதைப் பார்த்து இசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். லாம்ப்டா சென்சார்னு சொல்றதும் இதைத்தான். பாஷ் கம்பெனி உருவாக்கின இந்த சென்சார் 1976ல வோல்வோ கார்ல முதல்ல வந்தது.

நம்ம ஊர்ல 1995 ஏப்ரல்ல, சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல விக்கிற புது பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாச்சு. 2000 பிப்ரவரில நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுச்சு. ஈயம் கன்வெர்ட்டருக்கும் விஷம், இந்த மூக்குக்கும் விஷம்.

நம்ம பெல்ட்ல வளர்ந்தவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். கன்வெர்ட்டர்ங்கிறது காரோட கழிவு சுத்திகரிப்பு நிலையம். சென்சார், உள்ளே வர்ற கழிவு சரியான அளவுல வருதான்னு பார்க்கிற ஆள். அந்த ஆள் தூங்கிட்டா எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டர்ல போய் எரியும். சூடு தாங்காம அது உருகியே போகும்.

வாங்குறதுக்கு முன்னாடி: நிஜமாவே சென்சார்தானா?

நான் விட்ட முதல் கோட்டை இதுதான். பைபாஸ் பக்கம் இருக்கிற ஒரு பெரியவர் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டு போனேன். அவர் சென்சாரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, மேனிஃபோல்ட் கேஸ்கட் ஊதுது பாரு" என்றார்.

சென்சாருக்கு முன்னாடி புகைக்குழாய்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ளே வரும். சென்சார் "காத்து அதிகம்"னு சொல்லும். இசியூ அதை நம்பிப் பெட்ரோலை ஊத்தும். மூக்கு பொய் சொல்லலை, அதுக்குக் கிடைச்ச வாசனைதான் தப்பு.

நீங்களே சோதிக்கலாம். 2010க்கு முன்ன வந்த பல கார்கள்ல சாதாரண புளூடூத் ஸ்கேனர் ஒத்துக்காது. ஆனா ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நல்லா சூடான பிறகு சிக்னல் வயர்ல பாருங்க. 0.1க்கும் 0.9க்கும் நடுவுல வோல்ட் ஊஞ்சல் ஆடிட்டே இருந்தா மூக்கு உயிரோட இருக்கு. ஒரே இடத்துல நின்னாலோ, மெதுவா அசைஞ்சாலோ சந்தேகப்படுங்க. ஹீட்டருக்குப் போற ரெண்டு வயர்களுக்கு நடுவுல ஓம் பாருங்க. சில ஓம்கள் காட்டணும். எதுவுமே காட்டலைன்னா ஹீட்டர் அறுந்திருக்கு.

எங்க வண்டில கேஸ்கட் மாத்தி, நான் வெட்டின பழைய சென்சாரையே திரும்பச் சேர்த்ததும் 2.1 இருந்தது 0.9 ஆச்சு. பாதி குத்தம் கேஸ்கட் மேல. ஆனா சென்சாரும் மந்தமாத்தான் ஆடிச்சு. ஹீட்டர் இருக்கிற சென்சார் பொதுவா 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல உழைக்கும். எங்களது அதைத் தாண்டி ரொம்ப நாளாச்சு.

சரி, எதை வாங்குறது?

முதல்ல வயரை எண்ணுங்க. 1 வயர்னா சிக்னல் மட்டும், எர்த் குழாய் வழியா போகும். 2 வயர்னா சிக்னலும் எர்த்தும். 3 வயர்னா சிக்னலோட ஹீட்டருக்கு ரெண்டு. 4 வயர்னா எல்லாத்துக்கும் தனித்தனி. பழசுல எத்தனையோ, புதுசுலயும் அத்தனை. 5 வயர் வந்தா அது பெரும்பாலும் வைட்பேண்ட், வேற ஜாதி. மரை பொருந்துதேன்னு ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தவே கூடாது.

ரெண்டாவது, கலரை நம்பாதீங்க. பாஷ், என்டிகே சென்சார்கள்ல வழக்கமா ரெண்டு வெள்ளை ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்ஸோல ரெண்டு கருப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். இப்ப என் கருப்புக்குக் கருப்பை யோசிச்சுப் பாருங்க. ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டை சிக்னல் வயர்ல விட்டிருக்கேன். இசியூ தப்பிச்சது பாட்டி செஞ்ச புண்ணியம்.

மூணாவது, முடிஞ்ச வரைக்கும் கனெக்டரோட வர்ற, உங்க வண்டி பார்ட் நம்பருக்கான சென்சாரையே வாங்குங்க. பழைய சென்சார் உடம்புலயே நம்பர் பொறிச்சிருக்கும். விலை கூடத்தான். ஆனா ரெண்டு தடவை வாங்குறதை விடக் கம்மி. யுனிவர்சல்தான் கிடைக்குதுன்னா, பெட்டில இருக்கிற வயரிங் படத்தைப் பார்த்துச் சேருங்க. சால்டர் வேண்டாம், கிரிம்ப் பண்ணுங்க. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காத்தை வயர் வழியாத்தான் இழுக்கும். ஈயம் ஊத்தினா மூச்சு அடைச்சுடும்.

நாலாவது, புதுப்பேட்டைல கழட்டின சென்சார் வேண்டாம். கதவுக் கண்ணாடி வாங்கலாம். சென்சார் எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுன்னு பார்த்துச் சொல்ல முடியாது.

மாட்டும்போது

புது மரைல பெரும்பாலும் பசை தடவியே வரும். நுனில எதுவும் படக்கூடாது. எஞ்சின் ஆயில் குடிச்சாலோ, கூலன்ட் உள்ளே கசிஞ்சாலோ அதை முதல்ல சரி பண்ணுங்க. இல்லைன்னா புதுசும் சாகும். சிலிக்கான் இதுக்குப் பெரிய எதிரி. கேஸ்கட்டுக்கு சாதாரண சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், சென்சாருக்குப் பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கிறதை வாங்குங்க. நம்ம ஊர்ல ஷூ சோல் மோல்டுக்கு அடிக்கிற சிலிக்கான் ஸ்ப்ரே நிறைய வீட்ல கிடக்கும். இறுகின நட்டுக்கு அதை அடிச்சுடாதீங்க.

"கழட்டி விட்டுடு, ஓடும்"

இந்த யோசனையும் எனக்குக் கிடைச்சது. ஓடும்தான். சென்சார் இல்லைன்னா இசியூ குத்துமதிப்பா பெட்ரோல் ஊத்தும். முன்ன விட இப்ப இது இன்னும் மோசம். பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறதால அது எரிய 1 கிலோவுக்கு சுமார் 9 கிலோ காத்தே போதும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு இசியூகிட்ட சொல்ற ஒரே ஆள் இந்த மூக்குதான்.

இன்னொண்ணும் சொல்லணும். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, கெடுத்தவங்கதான் ஈடு கட்டணும்னு 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. நாம தொழிற்சாலைக் குழாயைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஊர்க்காரங்க. நம்ம வண்டிக் குழாயையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கடைசில பார்ட் நம்பர் பார்த்து சரியான சென்சார் வாங்கினோம். டெஸ்ட்ல 0.2 வந்தது. ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. போன வாரம் பாட்டியோட வேலூர் போயிட்டு வந்தோம். நான் கொன்ன சென்சார் இன்னும் என் ஹாஸ்டல் மேசை மேலதான் இருக்கு. ஜூனியர்ஸ் யாருக்காவது வெட்டிப் பார்க்கணும்னா வந்து எடுத்துக்கோங்க.