ஓய்வூதியம் இல்லாத அவசரப் பணி: மும்பையின் ஹோம்கார்டுகளும் தன்னார்வத் தொண்டர்களும்

மும்பையில் தீ, வெள்ளம், கட்டட இடிபாடு என எது நேர்ந்தாலும் களத்தில் இறங்குபவர்கள் எல்லோரும் ஒரே கணக்கில் வருவதில்லை. மாநகராட்சியில் சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர், வேலை பார்த்த நாளுக்கு மட்டும் படி பெறும் ஹோம்கார்டு, சிவில் டிபென்ஸ் பயிற்சி பெற்ற தொண்டர், ஒப்பந்ததாரர் மூலம் வந்த ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகிய நால்வரும் ஒரே சந்தில் ஒரே ஆபத்தை எதிர்கொண்டு நிற்கலாம். வேறுபாடு வெளிப்படுவது அவர்கள் பணியை விட்டு நிற்கும் நாளில்தான்.

நிரந்தரத் தீயணைப்பு வீரர் மாநகராட்சி ஊழியர் என்பதால் அவருடைய ஓய்வுக்காலத்துக்குச் சட்டப்படியான ஏற்பாடு இருக்கிறது. 2008 மே 5-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். பின்னால் வந்தவர்களுக்குப் பங்களிப்பு முறை. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் நாடு முழுவதும் அந்த நாள் தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது. 2015 மே 9 அன்று கால்பாதேவியின் கோகுல் நிவாஸ் தீயில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நெசரிக்கர் உட்பட நான்கு மூத்த அதிகாரிகளை அந்தப் படை இழந்தது. இத்தனை ஆபத்தான பணிக்கு ஓய்வூதியம் இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே இடத்தில் நிற்கும் தன்னார்வலருக்கு ஏன் எதுவும் இல்லை என்பதுதான் கேட்கப்படாத கேள்வி.

ஹோம்கார்டு அமைப்பு பிறந்ததே இந்த நகரத்தில்தான். 1946 டிசம்பரில், கலவரங்களுக்கு நடுவே, அப்போது பம்பாய் மாகாண உள்துறை அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் இதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பம்பாய் ஹோம்கார்டு சட்டம் வந்தது. வேறு தொழில் பார்க்கும் குடிமக்கள் நெருக்கடி நேரத்தில் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் கைகொடுப்பது என்பதே மூல ஏற்பாடு. பொறுப்புக் காலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், அழைத்த நாளுக்குக் கைச்செலவுக்காக ஒரு படி, சீருடை இலவசம். சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் எதற்கும் இதில் இடம் வைக்கப்படவில்லை. சிவில் டிபென்ஸ் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகிறது. 2009-இல் செய்த திருத்தம் பேரிடர் மேலாண்மையையும் அதன் பணியாக்கியது. 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த ‘ஆபரேஷன் அப்யாஸ்’ ஒத்திகையின்போது மும்பையில் கிராஸ் மைதானத்தில் பலரும் பார்த்தது இந்தத் தொண்டர்களைத்தான்.

நடைமுறை மூல ஏற்பாட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கணபதி விழா, தேர்தல், மழைக்காலம், பண்டிகைக் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் பந்தோபஸ்து டூட்டி நீள்கிறது. மூன்றாண்டுப் பொறுப்பு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, இளமை முழுவதையும் இதிலேயே கழித்தவர்கள் இருக்கிறார்கள். பகுதிநேரத் தொண்டு என்ற சட்டப் பெயர் மட்டும் மாறவே இல்லை.

வேறு நாடுகள் இதை வேறு விதமாகப் பார்க்கின்றன. அமெரிக்காவில் தீயணைப்போரில் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. நெடுங்காலம் பணியாற்றியவர்களுக்கு ஓய்வுக்காலத்தில் ஒரு தொகை தரும் சேவைக்கால வெகுமதித் திட்டங்களைப் பல மாநிலங்கள் நடத்துகின்றன. இப்படி ஓர் ஆண்டுப் பணிக்கு ஒருவருக்குச் சேரும் தொகைக்குக் கூட்டாட்சி வரிச் சட்டம் வைத்திருந்த 3,000 டாலர் உச்சவரம்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 6,000 ஆனது. பிரான்சில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்த தன்னார்வத் தீயணைப்பாளருக்கு ஓய்வுக்கால உதவித்தொகை உண்டு. ஜப்பானில் ஊர்த் தீயணைப்புக் குழுவில் ஐந்தாண்டுக்கு மேல் இருந்து விலகுபவருக்கு, இருந்த காலத்துக்கும் பதவிக்கும் ஏற்ப ஒரு மொத்தத் தொகை தரப்படுகிறது. தன்னார்வலர் என்பதும் ஓய்வுக்காலப் பலன் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இந்த மூன்று நாடுகளே போதிய சான்று.

இந்திய நீதிமன்றங்கள் இதில் பாதி தூரம் வந்திருக்கின்றன. இமாச்சலப் பிரதேச ஹோம்கார்டு நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்தது. ஹோம்கார்டுகள் நிரந்தரப் பணி கோர முடியாது என்றது. ஆனால் நாள்படியை 30 நாளுக்குக் கணக்கிட்டால் அந்த மாநிலக் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வர வேண்டும் என்றும் சொன்னது. மகாராஷ்டிராவில் 570 ரூபாயாக இருந்த நாள்படி 2024 அக்டோபரில் 1,083 ரூபாயாக உயர்ந்தது. 30 நாளுக்கு 32,490 ரூபாய். காகிதத்தில் நல்ல தொகைதான். ஆனால் மாதத்தில் பத்து நாள் மட்டும் டூட்டி கிடைத்தவருக்கு 10,830 ரூபாய். டூட்டி இல்லாத மாதத்தில் ஒன்றும் இல்லை. பிடித்தம் எதுவும் முதுமைக்காகச் சேர்வதில்லை. படி உயர்ந்ததை ஓய்வுக்காலப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு தீர்ப்பும் கவனிக்க வேண்டியது. அங்கன்வாடிப் பணியாளர்கள் பெறுவது மதிப்பூதியம்தான், அது சம்பளமல்ல, ஆகவே பணிக்கொடை கிடையாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று ஏற்கவில்லை. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்றது. இது ஹோம்கார்டுகளுக்குத் தானாகப் பொருந்தும் தீர்ப்பல்ல. அங்கன்வாடிப் பணி தொடர்ச்சியான அன்றாடப் பணி. ஹோம்கார்டின் பணி அழைப்பின் பேரில் வருவது. ஆனாலும் கொடுக்கும் தொகைக்கு வைத்த பெயரைக் காட்டியே உரிமையை மறுத்துவிட முடியாது என்பது இப்போது நிலைபெற்ற கருத்து. ஆண்டுக்கணக்கில் இடைவெளியின்றிப் பணிபுரிந்ததை ஆவணங்களோடு காட்டக்கூடியவர்களுக்கு இது வலுவான வாதம்.

இதற்கிடையே ஆபத்து காத்திருப்பதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில் பற்றிய தீ ஒரே குடும்பத்தில் ஏழு பேரைக் கொண்டுபோனது. 2025 மார்ச் 24 இரவு தாராவியில், இயற்கைப் பூங்காவை ஒட்டிய பகுதியில், கேஸ் சிலிண்டர் ஏற்றி நின்ற லாரி தீப்பிடித்துச் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது. தாராவியின் உள் சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையாது. குழாயை இழுத்துக்கொண்டு போவதற்கும், ஆட்களை வெளியே கொண்டுவருவதற்கும் முதலில் கிடைப்பவர் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பயிற்சி பெற்ற இளைஞர்தான்.

அப்படிப்பட்டவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ குடும்பம் கேட்க வேண்டிய முதல் உதவி, பலருக்கும் தெரியாத ஒன்று. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. பாதிக்கப்பட்டவர்களோடு, மீட்புப் பணியிலும் முன்னேற்பாட்டுப் பணியிலும் ஈடுபட்டு இறந்தவர்களும் இதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தீ விபத்தும் வெள்ளமும் அந்த விதிகள் சொல்லும் பேரிடர்ப் பட்டியலில் உள்ளவை. 60 விழுக்காட்டுக்கு மேல் ஊனமானால் 2.5 லட்சம், 40 முதல் 60 வரை என்றால் 74,000 ரூபாய். நிபந்தனை ஒன்றுதான்: இறப்புக்கான காரணத்தை உரிய அதிகாரியும், ஊனமானால் அதன் அளவையும் காரணத்தையும் அரசு மருத்துவமனை மருத்துவரும் சான்றளிக்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் தோற்கின்றன. மருத்துவமனைப் பதிவில் ‘தவறி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் மீட்புப் பணி என்பதை நிரூபிக்க வழியில்லாமல் போகும். காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் எந்த இடத்தில், எந்தப் பணியில், யார் அழைப்பின் பேரில் என்பதைச் சேர்க்கைக் குறிப்பிலேயே பதியச் சொல்ல வேண்டும். அன்றைய டூட்டி உத்தரவின் நகலும் சேர்ந்தால் கோரிக்கை உறுதியாகும்.

அடுத்தது ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள எவரும் சேரலாம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணமில்லாவிட்டால் பிரீமியம் கழியாது, காப்பீடும் இருக்காது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தா மித்ரா’ பயிற்சி பெற்றவர்களுக்குக் குழுக் காப்பீடு உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு. எப்போது முடிகிறது என்று கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை 40 வயது என்பது கடுமையான கோடு. ஹோம்கார்டு என்ற தகுதிக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லாததால், அவர் தம் அன்றாடத் தொழிலின் வழியே நுழைய வேண்டும். தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவரும், தோல் பட்டறையில் தைப்பவரும், ஆட்டோ ஓட்டுபவரும் அமைப்புசாராத் தொழிலாளர்களே. மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்து, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., என்.பி.எஸ். எதிலும் இல்லாத 18 முதல் 40 வயதினர் பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் சேரலாம். 29 வயதில் சேர்பவர் மாதம் 100 ரூபாய் கட்டுகிறார். மத்திய அரசும் அதே 100 ரூபாயைப் போடுகிறது. 31 ஆண்டுகளில் அவர் கையிலிருந்து போவது 37,200 ரூபாய். 60 வயதிலிருந்து மாதம் 3,000. இறந்தபின் துணைக்கு அதில் பாதி. ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்குப் போனால் போதும். அடல் ஓய்வூதியத் திட்டத்துக்கும் அதே வயது வரம்புதான். அதில் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் வேண்டுமென்றால் 18 வயதில் சேர்பவர் மாதம் 210, 30 வயதில் சேர்பவர் 577, 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். தள்ளிப்போடுவதன் விலை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் இதில் இடமில்லை.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு வழி குறுகுகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நாற்பதுக்குப் பிறகும் தனியாகச் சேரலாம். ஆனால் அங்கே அரசின் பங்களிப்பு இல்லை. 65 வயதாகி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் மகாராஷ்டிராவின் ஷ்ராவண்பாள் திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும். இதற்கு மாநிலத்தில் 15 ஆண்டு குடியிருந்த சான்று தேவைப்படும். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு மும்பையில் வாழ்நாளைக் கழித்த தமிழர்கள் இடறி விழுவது இந்தச் சான்றில்தான்.

ஒப்பந்த ஆம்புலன்ஸ் ஊழியரும் தனியார் வளாகத் தீப் பாதுகாப்பு ஊழியரும் தன்னார்வலர் அல்லர், சட்டப்படி தொழிலாளர்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 15,000 ரூபாய்க்குள் ஊதியம் என்றால் பி.எஃப். கட்டாயம். பத்தாண்டு சேர்ந்தால் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் புதிதாக வாங்காமல் பழைய எண்ணிலேயே தொடர வேண்டும். இல்லாவிட்டால் பத்தாண்டைக் காட்டுவதே பெரும்பாடாகிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது.

ஹோம்கார்டுகளுக்கு மகாராஷ்டிரா தரும் உருப்படியான ஊக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவலர் தேர்வில் அவர்களுக்கு 5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. மூன்றாண்டு, அதாவது 1,095 நாள் சேவையைச் சான்றிதழோடு காட்ட வேண்டும். முதுமைப் பாதுகாப்பு தேடும் இளைஞருக்கு நிரந்தர வேலையின் வாசல் இதுதான்.

இந்த உரிமைகள் அனைத்தும் பதிவேட்டில்தான் நிற்கின்றன. டூட்டி நாள்கள் அலுவலகப் பதிவில் இருப்பதோடு, ஒவ்வொருவரும் தம் கையிலும் தேதி, இடம், உத்தரவு எண், வங்கியில் வந்த படி ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். படி நிலுவையானாலோ பெயர் நீக்கப்பட்டாலோ முதலில் ஜில்லா சமாதேசக் எனப்படும் மாவட்ட ஹோம்கார்டு அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் வரவுமுத்திரை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் தம் வருகைப் பதிவின் நகலையே கேட்கலாம். 30 நாளில் தந்தாக வேண்டும். மனு மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அதிகாரியின் கடமை.

வழக்கென்று வந்தால் இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை. பெருவிபத்திலும் இயற்கைப் பேரிடரிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் சேர்ந்தவை. செம்பூர் புறநகர் மாவட்டம். அந்தந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தையே அணுக வேண்டும்; 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும். 2015 தீர்ப்பின்படி படி வராதவர்களும், நெடுங்காலச் சேவைக்குப் பணிக்கொடை கோருபவர்களும் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். தனியாகப் போவதைவிட, ஒரே காலத்தில் பணிபுரிந்தவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்த்து ஒரே மனுவாகப் போவது செலவையும் குறைக்கும், தொடர்ச்சியான பணி என்பதையும் எளிதாக நிறுவும்.