உங்களுக்குத் தெரியுமா? 46 ஆண்டு கழித்து அடுத்த ஸ்டூடியோ ஆல்பம்!

பழைய ராக், ஃப்யூஷன் குழுக்கள் மறுபடி ஒன்றுகூடி ஆல்பம் போடுவது உலகம் முழுக்க நடக்கிற சங்கதிதான். அதில் ரசிகர்களை ரொம்பக் காலம் காக்கவைத்த குழுக்களில் ஒன்று, முக்கால்வாசி நம்மாட்கள் குழு. கோவையிலிருந்து கூப்பிடு தூரத்து வேரும் அதில் உண்டு. துண்டு துண்டாகப் பார்ப்போமா?

★ ரோலிங் ஸ்டோன்ஸையே முந்தியவர்கள்
ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2005-க்குப் பிறகு புதிய சொந்தப் பாடல்களோடு ஆல்பம் போட்டது 2023 அக்டோபரில்தான். 18 ஆண்டு இடைவெளி என்று உலகமே வாய்பிளந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ல், நாம் சொல்லவந்த ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ வந்தது. அவர்களின் முந்தைய ஸ்டூடியோ ஆல்பம் வெளியான ஆண்டு? 1977!

★ சத்தத்திலிருந்து சம்மணத்துக்கு
‘சக்தி’யைத் தொடங்கிய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942-ல் பிறந்தவர். 1971-ல் இவர் ஆரம்பித்த ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’, ராக்கையும் ஜாஸையும் கலந்து மேடையை அதிரவைத்த எலெக்ட்ரிக் குழு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர், எலெக்ட்ரிக் கிதாரை ஓரம் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

★ குழி விழுந்த கிதார்
வீணையில் தந்தியை இழுத்தால் ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் வரும். கிதாரில் அந்த அளவுக்கு இழுக்க முடியாது; விரல் மரப்பலகையில் முட்டிவிடும். அதனால் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைச் சுரண்டிக் குழிவாக்கி மெக்லாஃப்லினுக்காகத் தனியாக ஒரு கிப்சன் கிதார் செய்தார்கள். வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, சுருதிக்கு ரீங்கரிக்க ஏழு தந்திகள் சாய்வாக ஓடும். செய்தவர் ஏப்ரகாம் வெக்டர்.

★ யாழ்ப்பாணத்து வயலின்
முதல் ‘சக்தி’யின் வயலின் கலைஞர் எல். சங்கர் இளமையில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் இவருடைய அண்ணன்மார். ராக் உலகின் கலகக்காரர் ஃப்ராங்க் ஸாப்பா, 1979-ல் சங்கருக்காக ‘டச் மீ தேர்’ ஆல்பத்தைத் தயாரித்தார். பிறகு சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கினார்.

★ கடத்துக்கு வந்த கிராமி
முதல் ‘சக்தி’யின் கடம் விக்கு விநாயக்ராமும் தபேலா ஜாகீர் உசேனும் வாசித்த ‘பிளானட் ட்ரம்’, 1992-ல் சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. அந்தப் பிரிவில் கொடுக்கப்பட்ட முதல் விருதே அதுதான். ஆல்பத்தின் சொந்தக்காரர் மிக்கி ஹார்ட், ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர்.

★ அப்பா இடத்தில் பிள்ளை
1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று குழு மறுபிறவி எடுத்தது. விக்கு விநாயக்ராமின் இடத்துக்குப் பிறகு வந்தவர் அவர் மகன் செல்வகணேஷ். ‘திஸ் மொமென்ட்’ வரை அவர்தான். சினிமா ரசிகர்களுக்கு வேறொரு அடையாளம் சொன்னால் உடனே பிடிபடும்: 2009-ல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் இசையமைப்பாளர்!

★ கையடக்க வித்தை
செல்வகணேஷின் கஞ்சிரா, பலா மர வளையத்தில் தோல் கட்டிய சின்னஞ்சிறு வாத்தியம். தோலின் உட்பக்கம் லேசாகத் தண்ணீர் தடவுவார்கள்; சுருதி இறங்கி ‘கும்’மென்று நாதம் வரும். பிடித்திருக்கும் இடக்கை விரலால் தோலை அழுத்தினால் நாதம் ஏறி இறங்கும். முன்பு உடும்புத் தோல் கட்டினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால், ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன.

★ ஒன்று, ரெண்டு எண்ண வேண்டாம்
மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை மேற்கத்திய இசைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு டிவிடி பாடமே போட்டிருக்கிறார்கள். ஐந்து என்றால் ‘தகதகிட’, ஏழு என்றால் ‘தகிடதகதிமி’. நான்கு தட்டிலேயே ஊறிய ராக் டிரம்மருக்கு ஏழு எண்ணுவது தலைவலி. வாயால் சொல்லிப் பழகிவிட்டால் கை தானாக வரும்.

★ வாளையார் தாண்டினால்…
1970-களின் ‘சக்தி’யில் தனிப் பாடகர் கிடையாது. மறுபிறவிக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் சங்கர் மகாதேவன். பிறந்து வளர்ந்தது மும்பை, பூர்வீகம் பாலக்காடு. கோவையிலிருந்து வாளையார் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். அவரும் சிறுவயதில் வீணை படித்தவர்தான்.

★ முதல் பாட்டு ஸ்ரீநிவாஸுக்கு
‘ரிமெம்பர் சக்தி’யின் இன்னொரு தூண் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 2014 செப்டம்பர் 19-ல், 45 வயதில் மறைந்தார். அவர் இடத்தில் இன்னொரு மாண்டலினை வைக்காமல், வயலின் கணேஷ் ராஜகோபாலனைச் சேர்த்துக்கொண்டார்கள். ‘திஸ் மொமென்ட்’டின் எட்டு உருப்படிகளில் முதலாவது ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’. இன்னொன்றின் பெயரே ‘மோகனம்’.

★ மும்பையிலும் ஒரு மறுவருகை
1984-ல் ‘ராக் மெஷின்’ என்று தொடங்கி, 1993-ல் ‘இண்டஸ் கிரீட்’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட மும்பைக் குழு, 1997-ல் கலைந்தது. 2010-ல் மறுபடி சேர்ந்து, 2012-ல் ‘இவால்வ்’ ஆல்பத்தோடு வந்தார்கள். முந்தைய ஆல்பம் 1995. பழைய ஆட்கள் சிலர், பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இளைஞர்கள் இருவர். இங்கேயும் பழசோடு புதுசைச் சேர்க்கும் அதே சூத்திரம்தான்!

★ கோவைக்காரர் கணக்கு
நம்ம ஊர் ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆதியும் ஜீவாவும் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பத்தோடு வந்தது 2012-ல். பிறகு சினிமா இழுத்துக்கொண்டது. ‘நா ஒரு ஏலியன்’ என்று தனி ஆல்பத்துக்குத் திரும்பியபோது 2020 ஆகிவிட்டது. 46-க்கு முன்னால் எட்டெல்லாம் ஒரு இடைவெளியா?

★ பத்து நாளில் இரண்டு பெருமை
2024 பிப்ரவரி 4-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘திஸ் மொமென்ட்’ சிறந்த குளோபல் மியூசிக் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அதே இரவில் ஜாகீர் உசேன் மொத்தம் மூன்று கிராமிகளை அள்ளினார். அந்த ஆண்டு டிசம்பர் 15-ல் மறைந்தார். கிராமிக்குப் பத்து நாள் முன்னால், ஜனவரி 25-ல், பத்ம விருதுப் பட்டியலில் கோவை மாவட்டத்தின் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் பெயர் வந்தது. அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த இந்தக் கும்மிக்குப் பெண்களையும் பழக்கி இறக்கியவர் அவர். இன்று கொங்கு நாட்டுத் திருவிழாக்களில் பெண்கள் வரிசைகட்டி ஆடுகிறார்கள். ராக்கோ கும்மியோ, புதுசா வருகிறவர்களுக்கு இடம் விட்டால்தானுங்க பழசு திரும்பி வரும்!