போளி சுற்றிய பேப்பரில் ஒரு சம்பளக் கணக்கு!

கடம்பூர் போளியைச் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. கல்லிலிருந்து எடுத்த சூட்டில், விரல் சுடச் சுட, நின்றபடி தின்ன வேண்டும். தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் அவருக்கும் ஒன்று வாங்கித்தர வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் வேகமாகவும் தின்ன வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்படித்தான் ரெண்டு தின்றுவிட்டு, அம்மாவுக்கு ரெண்டு பார்சல் கேட்டேன். டீக்கடைக்காரர் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், நெய் ஊறிய தாளில் எழுத்துக்கள் கண்ணாடி மாதிரி தெரிகின்றன. ‘ஃபாரம் 16’. ஊழியரின் பெயர், பான் எண், கம்பெனி பெயர், வருஷ மொத்தச் சம்பளம். ஓரத்தில் பென்சிலில், ‘எல்.ஐ.சி. ரசீது கேட்கவும்’.

யாரோ பொறுப்பான ஆள் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. அது என் கையெழுத்து!

விஷயம் இதுதான். நான் பி.காம். படித்தவன். பத்திரிகைகளுக்கு எழுதுவது மனசுக்கு. வயிற்றுக்கு, ஜூலை மாதமானால் கோவில்பட்டியில் ஒரு பதினைந்து பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருவேன். தீப்பெட்டி ஆபீஸ் கிளார்க்குகள், ரெண்டு வாத்தியார்கள், ஒரு மில் சூப்பர்வைசர். வேலை முடிந்த பழைய தாள்களை ஒரு ஃபைலில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது வழக்கம்.

“ஏம்மா, கட்டிலுக்கு அடியில இருந்த ஃபைலு எங்க?”

“அந்தச் சவத்தையா? கரையான் அரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. வண்டிக்காரன் வந்தான், போட்டுட்டேன். வெள்ளைப் பேப்பருன்னு கிலோவுக்கு ரெண்டு ரூவா கூடக் குடுத்தாம்லா!”

அந்தப் பணத்தில் ஒரு பிளாஸ்டிக் முறம் வாங்கியிருந்தாள். பதினைந்து குடும்பங்களின் வரவு செலவுக்கு ஒரு முறம்! ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்திலாவது போனது பாத்திரம் மட்டும்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கோவில்பட்டியில் அந்தப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி தராசுக்குப் பின்னால் நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, எங்கிட்ட வந்துட்டா அது பேப்பர். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிக்கிட்டிருந்தா யாவாரம் ஓடுமா? தேடிக்கோங்க. ஆனா கலைச்சதை அடுக்கிட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்.”

என் ஃபைலைத் தேடப் போனவன், ஒரு மணி நேரத்தில் ஊரையே பார்த்துவிட்டேன் சார்.

முதல் மூட்டையிலேயே பயிர்க் காப்பீட்டு நகல்கள். எங்கள் பக்கம் கரிசல் பூமி, மானாவாரி. உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விதைக்கிறவை. மழை ஏமாற்றினாலும் அடை மழை அழுக வைத்தாலும் காப்பீட்டுத் தொகைதான் கதி. அதற்குப் பணம் கட்ட ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, அடங்கல் எல்லாம் வேண்டும். கடைசி நாள் நெருங்கினால் ஜெராக்ஸ் கடையில் திருவிழாக் கூட்டம். கோணலாக விழுந்த நகல், மை மங்கிய நகல், பாதியில் சிக்கிய நகல் எல்லாம் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டிக்குப் போகும். பெட்டி நிறைந்தால் அண்ணாச்சியிடம் வரும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு பாட்டியின் தாள்கள் மட்டும் தொகுப்பாகவே கிடந்தன. ஆதார் எண், பிறந்த வருஷம், ஊர், வங்கிக் கணக்கு எண், சர்வே எண், எத்தனை ஏக்கர், பேரனின் செல் நம்பர். கீழே கன்னங்கரேலென்று பெருவிரல் ரேகை.

இன்னொரு மூட்டையில் கேன்சல் செய்த காசோலை. ரெண்டு கோடு போட்டு ‘கேன்சல்’ என்று எழுதிவிட்டால் அது செத்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். கணக்கு எண்ணும், கிளையைச் சொல்லும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் உயிரோடு சிரிக்கின்றன. சில பேர் பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்கள்! வேலைக்கு மனுப்போட்ட ஒரு பையனின் பயோடேட்டா, போட்டோ குண்டூசியோடு. (பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல். எல்லாப் பையன்களும் இதையேதான் எழுதுகிறார்கள்.) பைனான்ஸ் கடன் மனு ஒன்று. அதில் ஜாமீனுக்குச் சொன்ன ரெண்டு பேரின் நம்பரும் முகவரியும். அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆதார் எண் தெரிந்தாலே பணம் பறந்துவிடும் என்று பீதி கிளப்புகிறவர்களை நான் நம்புவதில்லை. வெறும் எண்ணை வைத்து ஒரு பைசா எடுக்க முடியாது. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பாட்டி வீட்டுக்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “பாட்டி, உளுந்து இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு. உங்க சர்வே நம்பர் இது, கணக்கோட கடைசி நாலு நம்பர் இது, சரிதானா? இப்ப ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்க.” இத்தனை விவரம் சொல்பவனை நம்பாமல் யாரை நம்புவாள்? திருடனுக்குப் பூட்டை உடைக்கிற வேலையே இல்லை. வடை பேப்பரைப் படித்தால் போதும்.

நம் கடவுச்சொல் லட்சணமும் இந்தக் குப்பையில்தான் இருக்கிறது. டவுன்லோடு செய்யும் இ-ஆதாரைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும் போதும். பல வங்கி ஸ்டேட்மெண்டுகளும் இதே ஜாதிதான். பான் எண்ணில்கூட நான்காம் எழுத்து ‘பி’ என்றால் தனிநபர். ஐந்தாவது, பெயரின் கடைசிப் பகுதியின் முதல் எழுத்து. தாளில் பாதி கிழிந்திருந்தாலும் யூகிக்க இடம் உண்டு.

ரேகை சமாசாரம் இன்னும் மோசம். 2018-ல் தெலங்கானாவில் ஒரு ஆள், பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து, ரப்பரில் அச்சு செய்து, அதைக்கொண்டு சிம் கார்டுகளை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். ரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓ.டி.பி.கூட வராது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

குப்பை கிளறுவது உலகம் முழுக்க உள்ள பழைய வித்தைதான். அமெரிக்காவில் ஜெர்ரி ஷ்னைடர் என்ற இளைஞர், டெலிபோன் கம்பெனியின் குப்பைத் தொட்டியில் கிடைத்த கையேடுகளைப் படித்து, கம்பெனி ஆள் மாதிரியே ஆர்டர் கொடுத்துச் சாமான்களை வரவழைத்து விற்றுவந்தார், 1972-ல் மாட்டினார். 1979-ல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் இயந்திரத்தில் நறுக்கிப் போட்ட ரகசியத் தாள்களைக் கம்பளம் நெய்கிறவர்களை வைத்து இழை இழையாக ஒட்டிப் படித்துவிட்டார்கள். நாம் நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்!

நம் ஊரிலோ கிழிப்பதுகூட இல்லை. 2019-ல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆற்றோரத்தில் ஆதார் அட்டைகளே மூட்டையாகக் கிடந்தன. 2022 மே 27-ல் ‘ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள்’ என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் அறிக்கை விட்டது. நல்ல யோசனை. ரெண்டே நாளில் வாபஸ்! தவறாகப் புரிந்துகொள்வார்களாம். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் டிஜிட்டல் தகவலுக்குத்தான். போளி சுற்றிய தாள் அதற்குள் வராது.

சரி, என் கதை. அண்ணாச்சி கடையில் பதினொரு பேரின் தாள்கள் கிடைத்தன. மிச்சத்தை மூன்று டீக்கடைகள் வாங்கிப் போயிருந்தன. நேரே போய்க் கேட்க வெட்கம். ஆளுக்கு ரெண்டு வடை வாங்கினேன், பேப்பருக்காக. ஆறாவது வடையில் தோற்று, உண்மையைச் சொல்லி, ரெண்டு கிலோ பழைய செய்தித்தாள் கொடுத்து அந்தக் கட்டுகளை வாங்கினேன். (அச்சடித்த தாளில் பலகாரம் சுற்றக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லிருந்தே சொல்கிறது. செய்தித்தாள் கொடுத்ததும் தப்புதான்.)

பிறகு பதினைந்து பேருக்கும் போன் செய்தேன். வாத்தியார் ஒருவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க பத்திரமா வச்சிருப்பீங்கன்னுதானே குடுத்தேன்” என்றார். இந்த வருஷம் அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். போளித் தாளின் சொந்தக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “வீட்ல அவ கையில கிடைக்கலியே?”

“இல்ல அண்ணாச்சி. ஏன்?”

“சம்பளத்துல மாசம் மூவாயிரம் குறைச்சுச் சொல்லியிருக்கேன் தம்பி. புருசன் இல்லாத தங்கச்சிக்கு அனுப்புதேன். தெரிஞ்சா ரெண்டு வீடும் நாறிப்போகும்.”

எனக்குப் பதில் வரவில்லை. எவனோ திருடன் என்று பயந்துகொண்டிருந்தேன். அவருடைய பயம் அடுப்படியில் இருந்தது.

மீட்ட தாள்களை என்ன செய்வதென்று யோசித்தபோது அம்மாதான் வழி சொன்னாள். நகலில் எல்லாம் இனிமேல் குறுக்கே கோடு போட்டு, எதற்கு, என்ன தேதி என்று எழுதித்தான் கொடுக்கிறேன் என்பது என் பங்கு. பழையதை ராத்திரி பூராவும் தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்தயத்தோடு ஆட்டி, ஓட்டை விழுந்த ஓலைப் பெட்டிக்கு மெழுகிவிட்டாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு செய்ததுதான். டெஹ்ரான் கம்பளக்காரர்கள் வந்தாலும் பிரிக்க முடியாது.

பெட்டி காய்ந்து கெட்டியாகிவிட்டது. இப்போது அதில் வற்றல் மிளகாய் கிடக்கிறது. எண்ணிப் பார்த்ததில் மூன்று தாள் மட்டும் இன்னும் வரவில்லை.